கரிசல் காட்டில் ஒரு கண்ணுக்குத் தெரியாத மின்னல்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவன் எழுதியது)

முன்னுரை

'சிறு துரும்பும் பல் குத்த உதவும்' என்பார்கள். சிறு துரும்பு உதவி செய்வதைப் போலவே சிறு பொறி கேடும் செய்யும் என்பதை நான் பாடப் புத்தகத்தில் படித்து அறியவில்லை; பட்டுத்தான் அறிந்தேன். தலை வாரிய சீப்பு காகிதத் துணுக்குகளை இழுப்பதை நாம் எல்லோரும் ஆறாம் வகுப்பிலேயே செய்து பார்த்திருக்கிறோம். ஆசிரியர் செய்து காட்டினார், நாம் கை தட்டினோம், மணி அடித்தது, வீட்டுக்குப் போனோம். அந்த விளையாட்டுப் பொருள் ஒரு குடியானவரின் நாற்றங்காலைக் காய வைக்கும் என்றால் நம்ப முடிகிறதா? அந்தக் கதையையும், அதன் பின்னே உள்ள இயற்பியலையும், அதைத் தடுக்கும் எளிய வழியையும் இக்கட்டுரையில் காண்போம்.

என் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா கோவில்பட்டியில் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தவர். அம்மா பட்டாசு ஆலைக்குப் போகிறவர். ஆகவே இக்கட்டுரையில் பேராசிரியர்களிடம் கற்றதும் உண்டு. அப்பா அம்மாவிடம் கேட்டதும் உண்டு. எது எந்த இடத்திலிருந்து வந்தது என்பதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

நடந்தது இதுதான்

முதலாண்டுத் தேர்வு முடிந்த விடுமுறையில் ஒரு மின்னணுப் பழுது பார்க்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். கைப்பேசி, எல்.இ.டி. டி.வி., இன்வெர்ட்டர், கிணற்று மோட்டாருக்கு வைக்கும் மொபைல் ஸ்டார்ட்டர் எனப் பலவும் அங்கு வரும். மொபைல் ஸ்டார்ட்டர் என்பது தோட்டத்து மோட்டாரை வீட்டிலிருந்தே போன் போட்டு ஓட்டவும் நிறுத்தவும் உதவும் கருவி. நடுராத்திரியில் மும்முனை மின்சாரம் வந்தாலும் பாம்பு பூச்சிக்குப் பயந்துகொண்டு கிணற்றுக்கு நடக்க வேண்டியதில்லை. ஆகவே நம் பக்கத்துச் சம்சாரிகளுக்கு அது பெரிய வரப்பிரசாதம்.

ஆனி மாதத்தில் ஒரு நாள் எட்டயபுரம் சாலைப் பக்கத்துக் கிராமத்துப் பெரியவர் ஒருவர் தம் ஸ்டார்ட்டரைக் கொண்டு வந்தார். கடை அண்ணாச்சி வெளியே போயிருந்தார். நானே பிரித்தேன். பலகையில் ஒரு ஐ.சி. போயிருந்தது. பாலிதீன் உறையிலிருந்து புது ஐ.சி.யை எடுத்தேன், பற்ற வைத்தேன், ஓட்டிப் பார்த்தேன். நன்றாக ஓடியது. பெரியவர் மகிழ்ந்து போனார்.

நான்காம் நாள் திரும்பி வந்தார். ஸ்டார்ட்டர் இரண்டு நாள் ஓடிவிட்டு நின்றுவிட்டதாம். அவர் அப்போது மகள் வீட்டுக்கு வெளியூர் போயிருந்தார். போனில் மோட்டார் ஓடுவதாக நினைத்துக்கொண்டு இருந்துவிட்டார். வந்து பார்த்தால் மிளகாய் நாற்று அத்தனையும் கருகிக் கிடந்தது. அவர் சத்தம் போடவில்லை. "படிக்கிற பிள்ளைன்னு நம்பிக் குடுத்தேன் தம்பி" என்று மட்டும் சொன்னார். அண்ணாச்சி என் கூலியில் ஐ.சி.யின் விலையைப் பிடித்தார். அது எனக்கு வலிக்கவில்லை. பெரியவர் சொன்னதுதான் வலித்தது.

பலகையைச் சோதித்தேன். நான் பற்ற வைத்த இடத்தில் குறை இல்லை. மின்வழங்கல் சரியாக இருந்தது. நான் வைத்த அதே புது ஐ.சி.தான் உள்ளுக்குள் பழுதாகியிருந்தது. கல்லூரி திறந்ததும் எங்கள் துறைப் பேராசிரியரிடம் சொன்னேன். அவர் கேட்ட கேள்விகள் மூன்று: "எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய்? மேசை மேல் என்ன விரித்திருந்தது? என்ன சட்டை போட்டிருந்தாய்?" பிளாஸ்டிக் நாற்காலி, ரெக்சின் விரிப்பு, பாலியெஸ்டர் சட்டை என்றேன். "பிறகு ஐ.சி.யைக் கேட்டு என்ன பயன்?" என்றார். நிலைமின்தான் அதைக் கெடுத்தது என்று நீதிமன்றத்தில் நிறுவ என்னிடம் சான்று இல்லை. ஆனால் அந்த மேசையில் அது நடக்காமல் இருந்திருந்தால்தான் வியப்பு என்பது பிறகு விளங்கியது.

நிலைமின் என்றால் என்ன?

இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று தொட்டுப் பிரியும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சில எலெக்ட்ரான்கள் தாவுகின்றன. எலெக்ட்ரானை இழந்தது நேர்மின்னூட்டமும், பெற்றது எதிர்மின்னூட்டமும் அடைகின்றன. உரசுவது இந்தத் தொடுதலையும் பிரிதலையும் பெருக்குகிறது, அவ்வளவே. பொருள் கடத்தியாக இருந்து தரையோடு தொடர்பு பெற்றிருந்தால் வந்த மின்னூட்டம் உடனே ஓடிவிடும். காப்பானாக இருந்தால் போக வழியின்றி அங்கேயே தங்கும். தங்கி நிற்பதால்தான் அதற்கு நிலைமின் என்று பெயர்.

இதைக் கிரேக்க நாட்டார் அம்பர் என்னும் மரப்பிசின் கல்லைத் தேய்த்து அறிந்தார்கள். அம்பருக்கு அவர்கள் மொழியில் எலெக்ட்ரான் என்று பெயர். இங்கிலாந்து நாட்டு மருத்துவர் வில்லியம் கில்பர்ட் 1600-இல் வெளியிட்ட நூலில், அம்பரைப் போல ஈர்க்கும் பொருள்களுக்கு அதன் பெயரையே சூட்டினார். இன்று நாம் கரண்டு பில்லில் காணும் எலெக்ட்ரிசிட்டி என்ற சொல்லுக்கு வேர் அந்தப் பிசின் துண்டுதான்.

மனித உடலும் ஒரு கடத்தி. ரப்பர் செருப்பு போட்டு நின்றால் தரைக்கும் நமக்கும் இடையே காப்பு வந்துவிடுகிறது. அப்போது நாம் ஒரு நடமாடும் மின்தேக்கி. நம் மின்தேக்குத்திறனை ஏறத்தாழ 100 பிக்கோஃபாரட் என்று பொறியாளர்கள் கணக்கில் கொள்கிறார்கள். இது மிகச் சிறிய அளவு. ஆனால் மின்தேக்குத்திறன் சிறியதாக இருப்பதால்தான் சிறிதளவு மின்னூட்டம் சேர்ந்தாலும் மின்னழுத்தம் ஆயிரக்கணக்கில் ஏறிவிடுகிறது. ஒடுக்கமான குழாயில் ஒரு செம்பு தண்ணீர் விட்டாலும் மட்டம் உயர்ந்துவிடுகிறது அல்லவா, அதைப் போல.

நூல்களில் காணப்படும் சில அளவுகளைத் தருகிறேன். கம்பளத்தின் மேல் நடக்கும் ஒருவர் மீது, காற்றின் ஒப்பு ஈரப்பதம் 10 முதல் 20 சதவீதமாக இருந்தால் 35,000 வோல்ட் வரை ஏறலாம். ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அதே நடைக்கு 1,500 வோல்ட்தான். மேசையில் உட்கார்ந்து வேலை செய்பவர் மீது வறண்ட காற்றில் 6,000 வோல்ட், ஈரக் காற்றில் 100 வோல்ட். மேசையிலிருந்து ஒரு பாலிதீன் பையைத் தூக்கினால் வறண்ட காற்றில் 20,000 வோல்ட், ஈரக் காற்றில் 1,200 வோல்ட். நான் அன்று பாலிதீன் உறையிலிருந்துதான் ஐ.சி.யை எடுத்தேன் என்பதை வாசகர்கள் நினைவில் கொள்க.

வறட்சியே உறவும் பகையும்

மேலே சொன்ன அளவுகளில் ஈரப்பதம் செய்யும் வேலையைக் கவனியுங்கள். காற்றில் ஈரம் இருந்தால் பொருள்களின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படிகிறது. அதன் வழியே மின்னூட்டம் மெல்லக் கசிந்துவிடும். காற்று காய்ந்தால் அந்த வழி அடைபடுகிறது.

நம் கோவில்பட்டி வட்டாரம் மானாவாரி பூமி. மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகையில்தான். 1901-இல் இங்கே வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் அமைக்கப்பட்டு இன்றும் புன்செய்ப் பயிர்களை ஆராய்ந்து வருவதே இந்த மண்ணின் இயல்புக்குச் சான்று. ஆனி, ஆடியில் வீசும் மேல்காற்று தன் மழையை மலைக்கு அப்பால் கேரளத்தில் கொட்டிவிட்டு, வெறும் கையோடு மலை இறங்கி வருகிறது. இறங்க இறங்கச் சூடேறி மேலும் காய்ந்துவிடுகிறது. என் ஐ.சி. போனதும் ஆனி மாதத்தில்தான்.

இந்த வறட்சிதான் நமக்குத் தொழிலையும் கொடுத்தது. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். அத்தொழில் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரங்களில் வேரூன்றியதற்கு, குச்சியும் மருந்தும் விரைவில் உலரும் இந்தக் காற்றும் ஒரு காரணம். மழை பொய்த்த காட்டில் வேலை தேடி நின்ற கைகள் மற்றொரு காரணம்.

நூற்பாலைக்கோ இதே காற்று பகை. அப்பாவிடம் நிலைமின் பற்றிக் கேட்டேன். "அந்தப் பேரெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனா டிபார்ட்மெண்டுல ஈரம் கொறைஞ்சா பஞ்சு ரோலர்ல சுத்திக்கிடும், இழை அறுந்துக்கிட்டே இருக்கும். பாலியெஸ்டர் ஓடுனா இன்னும் மோசம்" என்றார். ஆலைகளில் காற்றில் நீர்த்துளி தெளித்து, ஒப்பு ஈரப்பதத்தை 55 முதல் 60 சதவீதத்தை ஒட்டி வைத்திருப்பதற்கு இதுவும் காரணம். பருத்தி தன் உலர் எடையில் 8.5 சதவீதம் ஈரத்தைக் காற்றிலிருந்து பிடித்துக்கொள்ளும், பாலியெஸ்டர் 0.4 சதவீதம்தான். பருத்திச் சட்டை நிலைமின்னைக் கசியவிடுவதற்கும், பாலியெஸ்டர் சட்டை கழற்றும்போது படபடவென்று வெடிப்பதற்கும் விளக்கம் இந்த இரண்டு எண்களில் இருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத காயம்

ஐ.சி.க்களில் மாஸ்ஃபெட் என்னும் வகை டிரான்சிஸ்டர்கள் உள்ளன. அவற்றின் வாயில் முனைக்கும் குறைகடத்திக்கும் இடையே சிலிக்கன் ஆக்ஸைடால் ஆன காப்புப்படலம் ஒன்று உண்டு. பழைய வகைகளில்கூட அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். இத்தகைய படலம் 100 வோல்ட் அளவிலேயே துளைபட்டுவிடும். இன்றைய ஐ.சி.க்களில் படலம் இதைவிடப் பல மடங்கு மெல்லியது. ஆகவே ஒவ்வொரு காலிலும் காப்பு டயோடுகளை உள்ளேயே அமைத்து, 1,000 அல்லது 2,000 வோல்ட் நிலைமின் அதிர்வைத் தாங்குமாறு செய்கிறார்கள். வறண்ட நாளில் நம் மேல் ஏறுவது 6,000 வோல்ட் என்றால் அந்தக் காவல் போதுமா?

இங்கே ஒரு சூழ்ச்சி இருக்கிறது. ஏறத்தாழ 3,000 வோல்ட்டுக்குக் கீழே உள்ள நிலைமின் அதிர்ச்சியை நம் விரல் உணர்வதே இல்லை. நாம் 'ஒன்றும் ஆகவில்லை' என்று நினைக்கும் நேரத்தில் ஐ.சி. அடிபட்டுவிடுகிறது. அடிபட்டதும் செத்துவிட்டாலாவது நல்லது. உடனே தெரிந்து மாற்றிவிடலாம். சில சமயம் படலத்தில் ஒரு நைவு மட்டும் ஏற்படும். ஐ.சி. ஓடும், சோதனையில் தேறும், வாடிக்கையாளர் பணம் கொடுத்து வாங்கிப் போவார். சில நாளோ சில மாதமோ கழித்து நின்றுபோகும். வண்டு துளைத்த விதையைப் போல. பார்வைக்கு முழுசு, முளைப்புக்கு உதவாது. பெரியவரின் ஸ்டார்ட்டர் இரண்டு நாள் ஓடி நின்றதன் பொருள் இப்போது விளங்குகிறது அல்லவா?

அம்மா தொடும் செப்புத் தகடு

இதையெல்லாம் படித்துவிட்டு ஒரு இரவு அம்மாவிடம் பெருமையாக விளக்கிக்கொண்டிருந்தேன். வேலை தொடங்கும் முன் உடம்பில் உள்ள மின்னூட்டத்தைத் தரைக்குள் அனுப்பிவிட வேண்டும் என்றேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே, "இதத்தானய்யா நாங்க தெனமும் செய்றோம். ரூமுக்குள்ள நொழையும் முன்ன வாசல்ல இருக்கிற செம்புத் தகட்டத் தொட்டுட்டுத்தான போகணும். நைலான் சேலை கட்டக் கூடாது. கீழ ரப்பர் விரிச்சிருக்கும்" என்றார். எனக்குப் பேச்சு எழவில்லை.

பட்டாசு ஆலைகளில் மருந்து கலக்கும் அறை, மருந்து செலுத்தும் அறை ஆகியவற்றின் வாசலில், பூமியோடு இணைத்த செப்புத் தகடு பொருத்தப்பட்டிருக்கும். அதைத் தொட்டதும் உடலில் உள்ள மின்னூட்டம் தரைக்குப் போய்விடும். உள்ளே போன பிறகு நடப்பதால் சேர்வது அவ்வப்போதே வடிய, தரையில் மின்கடத்தும் ரப்பர் விரிப்பு. உடுத்துவது பருத்தி. மூன்றும் ஒரே நோக்கத்துக்காகத்தான்.

கணக்கிட்டுப் பார்ப்போம். மின்தேக்கியில் உள்ள ஆற்றல், மின்தேக்குத்திறனை மின்னழுத்தத்தின் வர்க்கத்தால் பெருக்கி வருவதில் பாதி. 100 பிக்கோஃபாரட்டுக்கும் 6,000 வோல்ட்டுக்கும் விடை 1.8 மில்லிஜூல். காற்றோடு கலந்த பெட்ரோல் ஆவியைப் பற்ற வைக்கச் சுமார் கால் மில்லிஜூல் போதும்; ஹைட்ரஜன் வாயுவுக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம். 1937 மே 6 அன்று அமெரிக்காவில் லேக்ஹர்ஸ்ட் என்னுமிடத்தில், ஹைட்ரஜன் நிரப்பிய ஹிண்டன்பர்க் வான்கப்பல் தரையிறங்கும் வேளையில் எரிந்து 36 பேர் மாண்டனர். அதற்கு நிலைமின் பொறியே காரணம் என்பது அறிஞர் பலரும் ஏற்கும் கருத்து. மருந்தறையின் வாசலில் உள்ள ஒரு சிறு தகட்டின் அருமை இதனால் விளங்கும். என் மேசையில் போனால் ஒரு ஐ.சி.; அம்மாவின் மேசையில் போனால்... அதை எழுத என் கை வரவில்லை.

தரையிட்ட விரிப்பு எவ்வாறு வேலை செய்கிறது?

என் பெரியம்மா மகள் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு மின்னணு ஆலையில் வேலை செய்கிறார். அக்காவிடம் போனில் விசாரித்தேன். உள்ளே நுழையும் முன் ஒரு கருவியில் கையையும் காலையும் வைத்துச் சோதிப்பார்களாம். பச்சை விளக்கு எரிந்தால்தான் உள்ளே விடுவார்களாம். மேசை மேல் ரப்பர் விரிப்பு, மணிக்கட்டில் பட்டை, அதிலிருந்து சுருள் கம்பி. அம்மாவின் செப்புத் தகடும் அக்காவின் மணிக்கட்டுப் பட்டையும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்றே சொல்லலாம்.

மேசை விரிப்பு பெரும்பாலும் இரண்டு அடுக்கு கொண்டது. அடி அடுக்கு கரித்தூள் கலந்த கறுப்பு ரப்பர், நன்கு கடத்தும். மேல் அடுக்கு பச்சை அல்லது நீல நிறம், மெதுவாகக் கடத்தும். மேற்பரப்பிலிருந்து தரை முனை வரை உள்ள மின்தடை பத்து லட்சம் ஓம் முதல் நூறு கோடி ஓம் வரை இருக்கும். விரிப்பின் மூலையில் ஒரு பொத்தான். அதிலிருந்து ஒரு கம்பி பூமி இணைப்புக்குப் போகும்.

'கடத்த வேண்டும் என்றால் ஒரு தகரத் தகட்டைப் போட்டால் என்ன?' என்று நானும் கேட்டேன். இரண்டு காரணங்களால் அது தவறு. முதலாவது, மின்னூட்டம் பெற்ற ஐ.சி.யை உலோகத்தின் மேல் வைத்தால் மின்னூட்டம் நொடியில் கோடியில் சில பங்கு நேரத்துக்குள் பாயும். அந்த வேகமே படலத்தைத் துளைக்கும். மேட்டுத் தண்ணீரை வாய்க்கால் வெட்டி இறக்குவதற்கும் கரையை உடைத்து விடுவதற்கும் உள்ள வேறுபாடு இது. இரண்டாவது, மின்சாரம் உள்ள பலகையைத் தகரத்தில் வைத்தால் குறுக்குச்சுற்று ஏற்படும். நமக்கும் ஷாக் அடிக்கும்.

மெதுவாக வடிய எவ்வளவு நேரம் ஆகும்? மின்தடையை மின்தேக்குத்திறனால் பெருக்கினால் காலம் கிடைக்கும் என்று இரண்டாம் பருவத்தில் படித்தோம். பத்து லட்சம் ஓம் என்றால் நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. நூறு கோடி ஓம் என்றால்கூட நொடியில் பத்தில் ஒரு பங்குதான். ஐ.சி.க்கு அது மெதுவான வடிகால். மனிதனுக்கோ கண் சிமிட்டும் நேரம்.

மணிக்கட்டுப் பட்டையின் கம்பியில் ஒரு மெகா ஓம், அதாவது பத்து லட்சம் ஓம் மின்தடை ஒன்றைத் தொடராக வைத்திருப்பார்கள். இது ஐ.சி.க்காக அல்ல, நமக்காக. தவறிப்போய் 230 வோல்ட் வந்துவிட்டாலும் உடலில் ஓடும் மின்னோட்டம் 0.23 மில்லிஆம்பியர்தான். இது நாம் உணரும் அளவுக்கும் குறைவு. வெறும் செப்புக் கம்பியைக் கையில் சுற்றி எர்த்தில் கட்டிக்கொள்வது தற்கொலைக்குச் சமம் என்பதை நண்பர்கள் மறக்கக் கூடாது.

எர்த் குழியும் கரிசல் மண்ணும்

விரிப்பு வாங்குவதோடு வேலை முடியவில்லை. அண்ணாச்சியைச் சம்மதிக்க வைக்க இரண்டு வாரம் ஆயிற்று. பெரியவருக்கு நேர்ந்ததை நினைவூட்டிய பிறகே இசைந்தார். விரிப்பு வந்தது. பிளக்கின் மூன்றாவது துளையில் இணைத்தால் ஆயிற்று என்று நினைத்தேன். பேராசிரியர் விடவில்லை. "முதலில் அந்தத் துளையிலிருந்து கம்பி எங்கே போகிறது என்று பார்" என்றார். உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனை அழைத்துப் பார்த்தோம். கடையின் மூன்றாவது துளை எங்கும் போகவில்லை! சுவருக்குள்ளேயே கம்பி அறுந்து கிடந்தது. விரிப்பை அதில் இணைத்திருந்தால், தூர் இல்லாத வாளியில் தண்ணீர் இறைத்த கதையாகியிருக்கும். அதைவிட மோசம், வேறு ஏதேனும் கருவியில் கசியும் மின்சாரம் அந்தக் கம்பி வழியே விரிப்புக்கே வந்திருக்கும்.

கம்பியைச் சரி செய்து, பின்புறத்து எர்த் குழியைத் தோண்டிப் பார்த்தோம். கரிசல் மண்ணில் மாண்ட்மோரில்லோனைட் என்னும் களிக்கனிமம் உண்டு. நனைந்தால் பொங்கும், காய்ந்தால் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். கோடையில் கை நுழையும் வெடிப்புகளை நம் காடுகளில் காணாதவர் யார்? அதே வெடிப்பு எர்த் குழாயைச் சுற்றியும் விழுந்திருந்தது. குழாய்க்கும் மண்ணுக்கும் இடையே காற்று நின்றது. காற்று காப்பான். நனைந்த கரிசல் நல்ல கடத்தி. காய்ந்த கரிசல் அப்படி அல்ல. சுமார் 2.5 மீட்டர் நீளக் குழாயைச் சுற்றிக் கரியும் உப்பும் இட்டு, புனல் வழியே தண்ணீர் ஊற்றச் சொல்லும் பழைய முறையின் காரணம் அன்றுதான் எனக்குப் புரிந்தது. இப்போது செவ்வாயும் வெள்ளியும் இரண்டு குடம் தண்ணீர் அந்தக் குழிக்கு உண்டு.

இங்கே ஒரு நுட்பம். நிலைமின் வடிய மிக நல்ல எர்த் தேவையில்லை. சில லட்சம் ஓம் இருந்தாலும் போதும். ஆனால் கருவியில் மின்கசிவு ஏற்பட்டால் உயிரைக் காக்கச் சில ஓம் அளவிலான எர்த் வேண்டும். ஆகவே விரிப்பின் பெயரைச் சொல்லி எர்த்தைச் சரி செய்தால் இரண்டு நன்மை.

ஒரு எளிய சோதனை

நம் ஆய்வகத்துத் தங்க இலை மின்காட்டிக்கு மின்னூட்டம் கொடுத்து, அதன் குமிழில் பல பொருள்களின் ஒரு முனையை வைத்து, மறுமுனையைக் கையால் பிடித்துப் பார்த்தேன். பாலிதீன் தாளை வைத்தபோது இலைகள் விரிந்தபடியே நின்றன. ரெக்சினுக்கும் அப்படியே. உலர்ந்த பருத்தி நூலுக்கு இலைகள் மெல்ல மெல்லத் தாழ்ந்தன. அதே நூலை நனைத்ததும் பொத்தென்று விழுந்தன. விரிப்பின் துண்டை வைத்தபோதும் விழுந்தன. மின்காட்டி இல்லாதவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலும், ஒரு கம்பியும், மிட்டாய் சுற்றிய மெல்லிய அலுமினியத் தாளும் கொண்டு தாமே செய்துகொள்ளலாம்.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. நாள்தோறும் வேலை தொடங்கும் முன் விரிப்பின் பொத்தான், கம்பி, பட்டை ஆகியவை சரியாக உள்ளனவா என்று மீட்டரால் சோதிக்கவும். பட்டை தோலோடு ஒட்டியிருக்க வேண்டும். சட்டைக் கையின் மேல் கட்டுவது வீண்.

2. பாலிதீன் பை, தெர்மாகோல், செல்லோடேப் ஆகியவற்றை மேசையில் வைக்க வேண்டாம். விரிப்பு கடத்திகளின் மின்னூட்டத்தைத்தான் வடிக்கும். காப்பான்களின் மேல் நிற்கும் மின்னூட்டம் விரிப்பில் வைத்தாலும் போகாது. பலரும் தவறுவது இங்கேதான்.

3. ஐ.சி. வரும் வெள்ளி நிற உறையைத் தூக்கி எறிய வேண்டாம். அதன் உலோகப் படலம் உள்ளிருப்பதை மின்புலத்திலிருந்து மறைக்கிறது. இளஞ்சிவப்பு உறை தான் மின்னூட்டம் பெறாமல் இருக்கும். ஆனால் வெளியிலிருந்து வருவதைத் தடுக்காது.

4. விரிப்பை இளஞ்சோப்பு நீரால் துடைக்கவும். மெழுகு, எண்ணெய் ஆகாது. நம் ஊர்ப் புழுதி படிந்த விரிப்பு வெறும் ரப்பர்தான்.

5. டி.வி., இன்வெர்ட்டர் போன்றவற்றில் நேரடி மின்சாரம் உள்ள பகுதிகளில் கை வைக்கும்போது மணிக்கட்டுப் பட்டையைக் கழற்றிவிடவும். ஐ.சி.யைவிட உயிர் பெரிது.

முடிவுரை

பெரியவரின் ஸ்டார்ட்டருக்குப் புதிய விரிப்பின் மேல் வைத்து மறுபடி ஐ.சி. மாற்றினேன். கூலி வாங்கவில்லை. தை மாதம் வரை நன்றாக ஓடுகிறது என்று சொல்லியனுப்பினார். நாற்று போனது போனதுதான். அவர் மறுபடியும் விலைக்கு நாற்று வாங்கித்தான் நட்டார். விரிப்பின் விலை அந்த நாற்றின் விலையைவிடக் குறைவு.

நம் ஆய்வக மேசைகளில் இன்னும் ரெக்சின்தான் விரித்திருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் செய்முறைத் தேர்வுக்கு முன் சில ஐ.சி.க்கள் 'தானாகவே' கெட்டுப்போகின்றன. இரண்டு மேசைகளுக்காவது தரையிட்ட விரிப்பு போட்டு, துறையின் எர்த் குழிக்குக் கோடையில் தண்ணீர் ஊற்றும் முறையை ஏற்படுத்த வேண்டும் என்று இக்கட்டுரை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். தண்ணீர் ஊற்றும் பொறுப்பை இரண்டாம் ஆண்டு மாணவர்களாகிய நாங்கள் ஏற்கிறோம்.

கட்டுரையை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டு, "தகட்டத் தொட்டுட்டுப் போன்னு மேஸ்திரி சொன்னாரு, தொட்டோம். எதுக்குன்னு இன்னைக்குத்தான் தெரியுது" என்றார். இருபது ஆண்டுகளாக அவர் உயிரைக் காத்து வந்த அறிவியலை, அதன் பெயரோடும் கணக்கோடும் வீட்டுக்குக் கொண்டு போக எனக்கு வாய்த்தது. ஒரு வீட்டின் முதல் பட்டதாரிக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? கற்றதை வீட்டில் சொல்வோம். வீட்டில் அறிந்ததை வகுப்பில் சொல்வோம். அறிவியல் அப்போதுதான் நம் மண்ணில் வேர் பிடிக்கும்.